மூன்று பெயர் எழுதச் சொல்லாதீர்கள்

முதலாம் படிவத்தில் சேர்ந்த வாரத்திலேயே எங்கள் கைக்கு ஒரு தாள் வந்தது. மேலே பெயர், வகுப்பு. கீழே மூன்று கோடு. உனக்கு மிக நெருக்கமான மூன்று நண்பர்களின் பெயரை வரிசைப்படி எழுது என்று மலாயில் அச்சிட்டிருந்தது. பின்வரிசையில் ஒருத்தி கையைத் தூக்கி நான்கு பெயர் எழுதலாமா என்று கேட்டாள். முன்வரிசையில் ஒருவன், தனக்கு இரண்டுதான் தேறுகிறது, என்ன செய்வது என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

அந்தத் தாளுக்கு ஒரு வரலாறு உண்டு. ஜேக்கப் மொரேனோ என்ற மனநல மருத்துவர் 1930களில் அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகளிடம் யார் பக்கத்தில் உட்கார ஆசை என்று கேட்டார். பதில்களை வட்டமும் அம்புக்குறியுமாக வரைந்து பார்த்தார். எந்த அம்பும் வந்து சேராத வட்டங்கள் சில நின்றன. அந்தப் பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் கவனிக்கத்தான் இன்றும் ஆலோசக ஆசிரியர்கள் இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள். நோக்கத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் மனத்தாங்கல் அந்த மூன்று கோட்டின்மேல்தான். தீபாவளிக்கு வரும் சித்தி ஒரு கோடாகவே குறைத்துவிடுகிறார்: "உன் பெஸ்ட் ஃப்ரெண்ட் யாருடி?" ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். சொன்னதும் சித்தி திருப்தியாக முறுக்கைக் கடிப்பார்.

எனக்குப் பதினேழு வயது. இந்த ஆண்டு எஸ்.பி.எம். தேர்வு எழுதுகிறேன். ஐந்து ஆண்டு இடைநிலைப்பள்ளிக்குப் போய்வந்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். எங்களை நாள்தோறும் தாங்கிப் பிடிக்கும் ஆட்களில் பாதிப்பேர் அந்த மூன்று கோட்டுக்கு வெளியே இருக்கிறார்கள். அவர்களோடு எங்களைச் சேர்த்துவைப்பது மனசு என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலும் அது நேரமும் இடமும் வண்டியும்தான். அந்த மூன்றையும் முடிவு செய்வது நாங்கள் இல்லை, நீங்கள்.

எங்கள் வீடு கேமரன் மலையில் பிரிஞ்சாங்குக்கு மேலே, சுங்கை பாலாஸ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை செய்கிறார். பாட்டி அந்தக் காலத்தில் கூடை சுமந்து கொழுந்து பறித்தவர். இப்போது மலையில் கத்தரிக்கோலும் இயந்திரமும் பிடிப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்த அண்ணன்மார்கள். தமிழ்க் குடும்பங்கள் பிரிஞ்சாங், தானா ராத்தா, ஈப்போ, கோலாலம்பூர் என்று இறங்கிக்கொண்டே இருக்கின்றன. குடும்பம் இறங்கினால் பள்ளியில் பிள்ளை குறையும். 150 பேருக்குக் குறைந்த பள்ளியைக் கல்வியமைச்சு 'குறைந்த மாணவர் பள்ளி' என்ற பட்டியலில் வைக்கிறது. நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் பல அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. நான் படித்த தோட்டப் பள்ளியும் அதில் ஒன்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ராபின் டன்பர் என்ற மானிடவியலாளர் 1992இல் குரங்கினங்களின் மூளை அளவையும் கூட்டத்தின் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு மனிதரால் உண்மையாகப் பழகிவைத்திருக்க முடிந்தவர்கள் ஏறத்தாழ 150 பேர் என்றார். பிறகு அவரும் மற்றவர்களும் அந்த 150க்குள்ளும் வட்டம் போட்டார்கள். உயிருக்குயிரானவர்கள் ஐந்து பேர். அவர்களையும் சேர்த்து நெருங்கியவர்கள் பதினைந்து. அடுத்த வட்டத்தில் ஐம்பது. கடைசியில் 150. இந்தக் கணக்கோடு சண்டை போடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள், அது அவர்கள் பாடு. ஒரு மனிதப் பிறவிக்கு இவ்வளவுதான் கொள்ளும் என்று அவர் சொன்ன அதே எண்ணுக்குக் கீழே இருந்தால், இங்கே பள்ளியில் ஆள் போதாது என்று அர்த்தம்.

ஆள் குறைவாக இருந்ததால் எங்களுக்கு ஒரு லாபமும் இருந்தது. நெருக்கத்தில் படிகள் உண்டு என்பதே எனக்குப் பதின்மூன்று வயதில்தான் தெரிந்தது. தோட்டப் பள்ளியில் காலையில் ஒருத்தியோடு 'கா' விட்டால் பத்தரை மணிக்குப் பழம் விட்டே ஆகவேண்டும். ஓடிப்பிடித்து விளையாட வேறு ஆள் கிடையாது. ஆறாம் ஆண்டுப் பையன் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்குக் காலணிக் கயிறு கட்டிவிடுவான், ஏனென்றால் அந்தப் பிள்ளை ஓடினால்தான் ஆட்டம் நடக்கும். யார் யாருக்கு முதல் கூட்டாளி என்று எண்ணிப் பார்க்க அங்கே ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

தானா ராத்தாவில் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் எண்ணத் தொடங்கினோம். பல நூறு பிள்ளைகள். சிற்றுண்டிச்சாலையில் எந்த மேசையில் உட்காருவது என்பதே ஒரு தேர்வு.

எங்கள் பேருந்து காலை ஆறு மணிக்கு முன்பே தோட்டத்தைவிட்டுக் கிளம்பிவிடும். அந்த நேரத்துப் பனியில் எதிரே வருவது லாரியா தேயிலைச் செடியா என்று பேருந்து அங்கிளுக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய பாதை. முதலாம் படிவத்திலிருந்து என் பக்கத்து இருக்கையில் ஒருத்தி உட்காருகிறாள். பக்கத்து லயத்துப் பெண், என்னைவிட ஒரு வயது மூத்தவள், வேறு வகுப்பு. அவளிடம் நான் ரகசியம் எதுவும் சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை. நீண்ட நாள் அவளுடைய கைப்பேசி எண்கூட என்னிடம் இல்லை. தினமும் பார்ப்பவளுக்கு எண் எதற்கு?

அந்தத் தாளில் அவள் பெயரை நான் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஆனால் முதலாம் படிவத்தில் ஒருநாள் மதியம் பேருந்தில் ஏறும்போது அவள் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி என் இடுப்பில் சுற்றிக் கட்டிவிட்டாள். எதற்கு என்று கேட்க வாய் திறந்தேன். "வீட்டுக்குப் போயி அம்மாகிட்ட சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் குளிரில் வீடுவரை மெல்லிய பள்ளிச்சட்டையோடு வந்தாள். நான் பெரியமனுஷி ஆன செய்தி என் அம்மாவுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். தாளின் முதல் கோட்டில் நான் எழுதியவளுக்கு அது தெரிந்தது தண்ணி ஊற்றிய அன்றுதான், அதுவும் அவள் அம்மா சொல்லி.

இதைச் சொன்னபோது பாட்டி சிரித்துவிட்டார். கொழுந்து பறிக்கும்போது பக்கத்து நிரையில் வந்த பெண்ணுக்குத்தான், பாட்டியின் வயிற்றில் என் பெரியப்பா இருப்பது தாத்தாவுக்கு முன்பே தெரிந்ததாம். கூடையைச் சுமந்து மேட்டில் ஏறும்போது மூச்சு மாறியதைக் கேட்டுக் கண்டுபிடித்தாராம். அவர் யார் பாட்டி என்று கேட்டேன். தையல்காரர் வீட்டு மருமகள் என்றார். வீட்டுக்கு வந்து போவாரா என்றால் இல்லை. கல்யாணம் காட்சிக்கு அழைத்ததுண்டா என்றால் தோட்டத்துக்கே அழைத்தபோது அவரும் வந்தார், அவ்வளவுதான். அவர்கள் குடும்பம் தோட்டத்தைவிட்டுப் போனபோது முகவரிகூட வாங்கிவைக்கவில்லை. "அவ என்ன சிநேகிதியா? நிரையில கூட வர்றவ" என்கிறார் பாட்டி, இன்றும்.

இந்த வகை ஆட்களுக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் இடமில்லை. வள்ளுவர் நட்புக்கு மட்டும் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். நல்ல நட்பு, ஆராய்ந்து கொள்ளும் நட்பு, பழைய நட்பு, தீய நட்பு, கூடாத நட்பு. ஐம்பது குறளையும் புரட்டினால் ஒன்று உயிர் நண்பன் வருகிறான், அல்லது காலை வாரிவிடுகிறவன் வருகிறான். பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவள் வருவதில்லை. கூடவே இருப்பதும் அடிக்கடி பழகுவதும் நட்புக்கு வேண்டியதில்லை, ஒத்த உணர்ச்சியே போதும் என்று ஒரு குறளில் அடித்துச் சொல்லிவிடுகிறார். அதற்குப் பரிமேலழகர் காட்டும் ஆட்கள் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும். ஒருவரையொருவர் பார்க்காமலே நட்பானவர்கள். வடக்கிருந்த சோழன், பாண்டிய நாட்டிலிருந்து அவர் வருவார் என்று நம்பி இடம் ஒதுக்கிவைத்தான், அவரும் வந்துசேர்ந்தார். தமிழ் வகுப்பில் இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது உண்மைதான். ஆனால் அது ஓர் அரசனும் ஒரு புலவரும். புகழ் காதுவழியே போய்ச்சேரும் அளவுக்கு வாழ்ந்து முடித்த இரண்டு பெரியவர்கள். இரண்டாம் படிவப் பிள்ளையின் புகழ் எத்தனை மைல் போகும்? பக்கத்து இருக்கைவரை போனால் அதிகம்.

நாலடியாரில் நண்பர்களை மூன்று மரமாகப் பிரிக்கும் பாட்டு இருக்கிறது. கடைத்தரமானவர்களின் நட்பு பாக்குமரம், நாள்தோறும் தண்ணீர் ஊற்றிக் கவனித்தால்தான் பலன் தரும். நடுத்தரம் தென்னை, விட்டு விட்டு ஊற்றினால் போதும். தலையாயவர்களின் நட்பு பனை, நட்ட அன்று ஊற்றியதோடு சரி. பிரிஞ்சாங் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த மூன்று மரத்தில் ஒன்றுகூட இங்கே வளராது என்பதால் எனக்கு இதில் பக்கச்சார்பு இல்லை. அப்படியும் பாக்குமரத்தின் பக்கம் நின்று பேசத் தோன்றுகிறது. நாலடியாரைப் பாடியவர்கள் சமண முனிவர்கள் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். துறவிகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவது பாரமாகத்தான் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு நட்பு என்பதே அந்தத் தினசரித் தண்ணீர்தான். நின்றால் வாடிவிடுகிறது. அதனால் அது கடைத்தரமாகிவிடுமா?

இதற்கு ஒரு கணக்கும் கிடைத்தது. கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். புதிய ஊருக்குக் குடிபோனவர்களையும் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் விசாரித்திருக்கிறார். அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராவதற்குச் சேர்ந்து கழிக்கும் நேரம் 50 மணி அளவில் வேண்டும், நண்பர் என்று சொல்ல 90 மணி அளவில், நெருங்கிய நண்பராக 200 மணிக்கு மேல். இன்னொன்றும் சொல்கிறார். வேலையிலோ வகுப்பிலோ சேர்ந்திருக்கும் நேரம் இதில் பெரிதாக உதவுவதில்லை. வெட்டியாகச் சுற்றுவதும் கிண்டலடிப்பதும் சேர்ந்து சாப்பிடுவதும்தான் கணக்கில் ஏறுகின்றன. அமெரிக்கர்களுக்குப் போட்ட கணக்கு, நம் ஊருக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஆனால் எங்கள் பேருந்தை வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. போக வர ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஆண்டுக்கு ஏறத்தாழ 190 பள்ளி நாள். ஒரே ஆண்டில் 200ஐ நெருங்கிவிடலாம், அதுவும் ஆசிரியர் இல்லாத இடத்தில். கம்பளிச் சட்டையைக் கழற்றியவள் எனக்கு யார் என்ற கேள்விக்கு என்னைவிட அந்த ஆய்வாளர் நன்றாகப் பதில் சொல்லியிருக்கிறார்.

நேரம் எங்கே கிடைக்கிறது என்று இப்போது பாருங்கள். சனி ஞாயிறில் கூட்டாளி வீட்டுக்குப் போய்வரலாமே என்பீர்கள். வார இறுதியில் பிரிஞ்சாங் எப்படி இருக்கும் என்று கோலாலம்பூரிலிருந்து ஸ்ட்ராபெரி பறிக்க வரும் உங்களுக்கே தெரியும். கியா ஃபார்ம் சந்தைப் பக்கம் கார்கள் நகராது. தேயிலைத் தோட்டத்தில் படம் எடுக்க வருகிறவர்கள் எங்கள் ஒற்றைப் பாதையை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். அப்பாவின் மோட்டார் சைக்கிள்கூட ஊர்ந்துதான் போகும். நீண்ட விடுமுறை வந்துவிட்டால் நாங்கள் வீட்டைவிட்டு இறங்குவதில்லை. ஆகவே பள்ளி நாள், பள்ளிப் பேருந்து, பள்ளி முடிந்தபின் அரை மணி. எங்கள் நட்பெல்லாம் இதற்குள் விளைந்தால்தான் உண்டு.

இனிப் புகுமுக வகுப்புக்கு வருகிறேன். நாங்கள் ரிமூவ் என்போம். தமிழ்ப்பள்ளியிலும் சீனப்பள்ளியிலும் ஆறாம் ஆண்டு முடித்து, மலாய் மொழியில் போதிய அடைவு பெறாத பிள்ளைகள் முதலாம் படிவத்துக்கு முன்னால் ஓராண்டு அதில் படிக்க வேண்டும். இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலான பாடங்கள் மலாயில் என்பதால் அதற்கான தயாரிப்பு. ஏற்பாடு பழையது, எங்கள் பெற்றோர் காலத்துக்கும் முந்தியது. அதில் நன்மை அடைந்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது என்ன செய்கிறது என்பதை ஒரு பிள்ளையின் உயரத்திலிருந்து யாரும் எழுதி நான் படித்ததில்லை.

எங்கள் செட் ஐந்தாம் ஆண்டும் ஆறாம் ஆண்டும் படித்தது 2020, 2021இல். நோய்த்தொற்றுக்காக மார்ச் 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அதன்பின் பள்ளி திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. பாடம் கைப்பேசியில் வந்தது. எங்கள் லயத்தில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றால்தான் அலைவரிசை கிடைக்கும். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வீட்டில் ஒரே கைப்பேசி, அதை அவள் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். எங்கள் வீட்டில் அக்காவின் பழைய கைப்பேசி ஒன்று கூடுதலாக இருந்தது. நானும் எதிர்வீட்டுக்காரியும் தவழும் வயதிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்கள். 2022இல் நான் நேராக முதலாம் படிவம் போனேன். அவள் ரிமூவ் போனாள். எங்களுக்கு நடுவே இருந்த வித்தியாசம் மூளையில் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஒரு பழைய கைப்பேசி, அவ்வளவுதான்.

அவள் பெயரைத்தான் தாளின் முதல் கோட்டில் எழுதியிருந்தேன்.

சண்டை எதுவும் வரவில்லை. வந்திருந்தால் பழம் விட்டிருப்போம். பாடம் வேறு, வீட்டுப்பாடம் வேறு, திட்டும் ஆசிரியர் வேறு, சிரிக்கும் விஷயம் வேறு என்று ஆகிப்போனது. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று அடுத்த ஆண்டு வந்தது. அவள் முதலாம் படிவம், நான் இரண்டாம் படிவம். அவளுடைய வகுப்புத் தோழிகள், வேறு தோட்டத்துப் பிள்ளைகள், என்னை "அக்கா" என்று கூப்பிட்டார்கள். முறைப்படி சரிதான், மூத்த படிவத்துப் பெண் அக்காதான். அவர்கள் கூப்பிடும்போது இவள் பக்கத்தில் நிற்பாள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தான் ரிமூவ் படித்தவள், தனக்கும் என் வயதுதான் என்பது தோழிகளுக்குத் தெரிந்துவிடும். அக்கா என்று கூப்பிட்டால் என் முகத்தைப் பார்க்க முடியாது. அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பள்ளிக்குள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஏய்" என்பாள், அல்லது தோளில் தட்டுவாள். லயத்துக்கு வந்ததும் பெயர் சொல்லிக் கத்துவாள், பழையபடி. நான்கு ஆண்டாக இது நடக்கிறது. இன்று அவள் நான்காம் படிவம். என் எதிர்வீடு. என் முதல் கோடு. பள்ளிக்குள் அவளுக்கு என் பெயர் இல்லை.

அந்த மூன்று கோட்டுத் தாள் இதை எப்படிப் பிடிக்கும்? ஒரே ஆள் காலை ஏழரை முதல் மதியம்வரை ஒரு படியிலும், மாலையில் வேறு படியிலும் இருக்கிறாள்.

மொழியும் ஒரு படி போடுகிறது. என் வகுப்பில் செமாய் இனத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள், லெமோய் பக்கம். நான்கு சக்கர இழுவை வண்டி மட்டுமே போகும் பாதை என்பதால் பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் தொடர்பே இராது. திரும்பி வரும்போது ஒரு கட்டு பெட்டாய் கொண்டுவந்து என் பையில் திணிப்பாள். அம்மா அதில் சம்பால் வைத்து ஒரு டப்பாவில் கொடுத்தனுப்புவார். கணக்கில் என்னைக் காப்பாற்றும் சீனப் பெண் ஒருத்தி, காய்கறித் தோட்டக்காரர் மகள். மூவரும் ஒரே வரிசை. மலாயில் பேசிக்கொள்வோம், சிரிப்போம், தேர்வுக்கு முன்னால் ஒன்றாகப் பயப்படுவோம். ஆனால் எனக்கு மலாயில் சண்டை போட வராது. கோபம் வந்தால் வார்த்தை தமிழில்தான் கிளம்புகிறது, பாதியில் விழுங்கிவிடுகிறேன். அவர்களும் அப்படித்தான் விழுங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். சண்டையே போடாத நட்பு ஒரு படிக்கு மேல் ஏறுவதில்லை. ஏறாவிட்டால் என்ன என்றும் தோன்றுகிறது. எனக்குக் கேமரன் மலையைப் பற்றித் தெரிந்ததில் பாதி அந்த இரண்டு பேரிடம் கேட்டது. மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இலேயே, வேலை வாய்ப்பு போன்ற புதிய செய்திகள் நெருங்கியவர்களைவிடத் தூரத்துப் பழக்கக்காரர்கள் வழியேதான் அதிகம் வருகின்றன என்று காட்டினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்குமே. கெடா மெட்ரிகுலேஷன் கல்லூரியில் குளிராது, கம்பளிச் சட்டை எடுத்துப்போகாதே என்று எனக்குச் சொன்னது காய்கறித் தோட்டத்துப் பெண்ணின் அண்ணன்.

கைப்பேசியைப் பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. மூன்று கோட்டுத் தாளை இப்போது செயலிகள் வாங்கிக்கொண்டுவிட்டன. இன்ஸ்டாகிராமில் நெருங்கிய நண்பர்கள் பட்டியல் 2018இல் வந்தது, அதில் இருந்தால் பச்சை வளையம் தெரியும். பச்சை தெரியாத பிள்ளை தானாகவே புரிந்துகொள்ள வேண்டும். ஸ்னாப்சாட் இன்னும் ஒரு படி மேலே போனது. கட்டணம் செலுத்துவோருக்குச் சூரியக் குடும்பம் என்று ஒரு வசதி. உங்கள் தோழி சூரியன், நீங்கள் ஒரு கோள். புதனாக இருந்தால் நீங்கள்தான் முதல் ஆள், நெப்டியூன் என்றால் எட்டாவது. பிள்ளைகள் இதைப் பார்த்து மனமுடைகிறார்கள் என்று அமெரிக்காவில் செய்தி வந்தபிறகு, 2024இல் அந்த வசதி தானாக இயங்காதபடி மாற்றினார்கள். வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம். பேருந்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள் இந்தக் கணக்கில் எந்தக் கோளும் இல்லை, ஏனென்றால் நாங்கள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்புவதே இல்லை.

ஆகவே பெரியவர்களிடம் நான் கேட்பது மனசைப் பற்றியது இல்லை. அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நேரத்தையும் வண்டியையும் கவனியுங்கள்.

புதன்கிழமை பிற்பகல் புறப்பாட நடவடிக்கை நடக்கும். சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு எல்லாம். படிவம் பார்க்காமல் பிள்ளைகள் கலக்கும் ஒரே இடம் அது. ரிமூவ் போன பிள்ளையும் முதலாம் படிவம் போன பிள்ளையும் ஒரே கழகத்தில் இருக்கலாம், எந்த விதியும் தடுக்கவில்லை. ஆனால் கழகப் பதிவு வகுப்புவாரியாக நடக்கிறது. ரிமூவ் வகுப்பின் முறை வரும்போது மிச்சமிருப்பதுதான் அவர்களுக்கு. ஒரே தோட்டத்திலிருந்து, ஒரே ஆரம்பப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளை ஏதாவது ஒரு கழகத்திலாவது ஒன்றாகப் போடுங்கள் என்கிறேன். பதிவுத் தாளில் ஒரு கட்டம் கூடுதலாக அடித்தால் முடிந்துவிடும் வேலை.

அடுத்தது தமிழ் வகுப்பு. இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். எங்களுக்கு ஆள் சேர்ந்தது, ஆசிரியரும் கிடைத்தார். வகுப்பை வைத்தது பள்ளி முடிந்த பிறகு. அந்த நேரத்தில் தோட்டத்துப் பேருந்து கிளம்பிவிடும். பட்டணத்துப் பிள்ளைகள் இருந்து படித்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளில் அப்பா வந்து ஏற்றிப்போகக்கூடியவர்கள் மட்டும் இருந்தோம். பிசிராந்தையாரைப் பற்றி நான் படித்த அன்று என் பேருந்துக்காரி ஜன்னலோரத்தில் தனியாகப் போயிருக்கிறாள். தமிழ் வகுப்பும் புறப்பாட நடவடிக்கையும் உள்ள நாள்களிலாவது பிற்பகலில் இன்னொரு நடை வண்டி வேண்டும். இது கல்விக்காக மட்டும் இல்லை. பள்ளி முடிந்தபின் கிடைக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் பட்டணத்துப் பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் சேர்ந்து ஐஸ் கச்சாங் சாப்பிட முடியும். ஜெஃப்ரி ஹாலின் கணக்கில் ஏறுவது அந்த நேரம்தான்.

வரும் ஜனவரியில் எங்கள் லயத்திலிருந்து மூன்று பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். இருவர் நேராக முதலாம் படிவம் போகக்கூடும் என்கிறார் ஆசிரியர். மூன்றாமவன் மலாயில் தடுமாறுகிறான். மூவரும் இப்போது சாயங்காலத்தில் அப்பாவின் தொழிற்சாலைக்குப் பின்னால் பந்து உதைக்கிறார்கள், யார் எங்கே போவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும், பேசுவதில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கழகப் பதிவு, பிற்பகல் வண்டி இரண்டையும் பற்றிக் கேட்பதாக அப்பா ஒத்துக்கொண்டிருக்கிறார். கூட்டத்தில் எழுந்து பேசிப் பழக்கமில்லாதவர், எழுதிக் கொடு என்றார். ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேருந்து அங்கிளையும் கூட அழைத்துப்போகச் சொல்லியிருக்கிறேன். இன்னொரு நடைக்கு டீசல் எவ்வளவு ஆகும், மாதம் எவ்வளவு கூட்டிக் கேட்க வேண்டிவரும் என்று அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.